வளரிளம் பருவத்தில் பார்வை மங்கலும் தலைவலியும்: காரணம் தேடும் முறை

வளரிளம் பருவத்தினருக்கு வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. ஆனால் தலைவலியோடு பார்வை மங்கலும் தலைச்சுற்றலும் சேர்ந்துகொள்ளும்போது, அதைத் தேர்வு பயம் என்றோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பதன் விளைவு என்றோ வீட்டார் தாமாகவே முடிவு கட்டிவிடுவது, உரிய காலத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையை இழக்கச் செய்துவிடும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அவசரம் உண்டா என்பதே. பார்வை திடீரென்று போய்விட்டாலும், முன்பு அறிந்திராத கடுந்தலைவலி ஒரே நொடியில் தாக்கினாலும், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கத்துக் கைகால் தளர்ச்சி, நினைவு மங்குதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழே கூறப்படுபவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவசரம் இல்லையெனில், அடுத்த படி கூர்ந்து கவனித்து எழுதி வைப்பது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்கச் சொல்லி, குறை ஒரு கண்ணிலா இரு கண்களிலுமா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்த நிலையில் கூடுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் காரணத்தின் அடையாளம் பெரும்பாலும் இந்த விவரங்களிலேயே இருக்கிறது. வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி, 5 முதல் 60 நிமிடங்களுக்குள் மறைந்து, பின் தலைவலி தொடங்கினால் அது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் சில நாட்களில் மங்கி, விழியை அசைக்கும்போது வலித்து, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பின் அழற்சியை நினைக்க வேண்டும். பக்கவாட்டில் இருப்பவை தெரியாமல் இடித்துக்கொள்வதோடு, வளர்ச்சி தடைப்படுதல், மாதவிடாய் நின்றுபோதல், அளவுக்கு மீறிய தாகம் ஆகியவையும் இருந்தால், மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் அருகே கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டித் தலை சுற்றுமாயின், இரத்த அழுத்தம் இறங்குவதோ, இரத்தசோகையோ, காலை உணவைத் தவிர்ப்பதோ காரணமாக இருக்கக்கூடும்.

இவற்றுள் எளிதில் தவறவிடப்படுவது, தலையோட்டுக்குள் அழுத்தம் உயர்வதால் வரும் நிலை. மூளையைச் சூழ்ந்துள்ள நீர், பார்வை நரம்பின் உறைக்குள்ளும் பரவி விழியின் பின்புறம் வரை செல்வதால், அழுத்தம் கூடும்போது நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடமான பார்வைத்தட்டு வீங்குகிறது. இவ்வீக்கம் பாப்பிலெடிமா எனப்படும். குனியும்போதோ எழும்போதோ சில நொடிகள் பார்வை இருண்டு மீளுதல், படுக்கும்போது கூடும் தலைவலி, நாடித்துடிப்போடு இசைந்து காதில் கேட்கும் இரைச்சல், இரட்டைப் பார்வை ஆகியவை இதன் குறிகள். கட்டியோ சிரையில் இரத்த உறைவோ இல்லாமலேயே அழுத்தம் உயர்வதும் உண்டு. அண்மையில் உடல் எடை கூடியவர்களிடமும், சில மருந்துகளை உட்கொள்பவர்களிடமும் இது காணப்படுகிறது. ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன், முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெடினாயின், மேலும் வைட்டமின் ஏ மாத்திரைகள், வளர்ச்சி ஹார்மோன், அண்மையில் நிறுத்திய ஸ்டீராய்டு ஆகிய எதையும் விடாமல் பட்டியலிட வேண்டும். ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

அடுத்து, கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்வது இதற்கு ஈடாகாது. பாப்பிலெடிமாவின் தொடக்கத்தில் பார்வை இயல்பான 6/6 என்றே இருக்கலாம் என்பதையும், நரம்பு சேதமடையத் தொடங்கும்போது முதலில் குறுகுவது ஓரப் பார்வையே என்பதையும் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டும். சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து விழியின் உட்புறத்தைக் காணும் சோதனையே இங்கு முதன்மையானது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்திய விழி உள்நோக்குக் கருவி முதலாகவே இது மருத்துவருக்குக் கைகூடிய சோதனை. சொட்டு மருந்தின் விளைவாகச் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் துணைக்கு ஒருவர் செல்வது நல்லது. இத்துடன் ஓரப் பார்வையை அளக்கும் பார்வைப் புலச் சோதனை, நிற உணர்வு, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும். மிகை இரத்த அழுத்தமும் கடும் இரத்தசோகையும்கூடப் பார்வைத்தட்டை வீங்கச் செய்யக்கூடும்.

வீக்கம் உறுதியானால் அன்றே மூளை ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எம்ஆர்ஐயோடு சிரைகளைக் காட்டும் படமும் எடுக்கப்படுகிறதா என்று கேட்டறிவது பயனுள்ளது. அதன் பிறகே முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீரின் அழுத்தம் அளக்கப்படும். உள்ளே பெரிய கட்டி இருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி அழுந்தும் ஆபத்து இருப்பதால் இவ்வரிசையை மாற்றலாகாது. பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் நீர் அழுத்தமும், சிறுவர்களுக்குப் பொதுவாக 28 சென்டிமீட்டரும் மேல் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. கட்டியோ உறைவோ இல்லாத நிலையில் அசெட்டசோலமைடு மாத்திரையும் எடைக்குறைப்புமே முதன்மையான சிகிச்சை. விரல் நுனிகளில் வரும் கூச்சம் இம்மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவு என்பதால், அதற்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. பார்வை வேகமாகக் குறைந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தலைவலி தணிந்துவிட்டது என்பது பார்வை தப்பிவிட்டது என்பதற்குச் சான்றாகாது; பார்வைப் புலச் சோதனை மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் இயல்பாக இருந்தும் பார்வை குறைவதுண்டு. கண்ணும் நரம்பும் நலமாயிருக்க, மூளையின் செயற்பாட்டில் ஏற்படும் இம்மாற்றத்தைச் செயல்சார் பார்வையிழப்பு என்பர். இது நடிப்பு அன்று. அவ்வாறு குற்றஞ்சாட்டப்படும் பிள்ளை தன் துன்பத்தைச் சொல்வதையே நிறுத்திவிடும். இம்முடிவும் தகுந்த சோதனைகளின் அடிப்படையில் மருத்துவர் சொல்ல வேண்டியதே தவிர, வேறொன்றும் அகப்படாததால் வீட்டார் ஊகிக்க வேண்டியது அன்று.

ஆகவே தலைவலியோடு பார்வைக் குறையையும் சொல்லும் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், பார்வைத்தட்டில் வீக்கம் உண்டா இல்லையா என்ற ஒரு கேள்விக்காவது மருத்துவரிடம் எழுத்து வடிவில் விடை பெற்றுக்கொண்டே வீடு திரும்ப வேண்டும்.