ஐந்து விநாடி வேகம்: விளையாட்டுக் காரில் ஒரு மின்சுற்றுப் பாடம்

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் செல்லும் மின்சார ரயிலை நம் மாணவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். மேலே உள்ள 25,000 வோல்ட் கம்பியிலிருந்து எஞ்சினுக்கு மின்னோட்டம் வருகிறது. அது திரும்பிச் செல்லும் வழி எது? இந்தக் கேள்வியோடு பாடத்தைத் தொடங்கலாம். சக்கரங்களும் தண்டவாளமும்தான் என்ற விடை கிடைத்ததும், தடத்தில் ஓடும் ரேஸ் கார் பொம்மையை அறிமுகப்படுத்துங்கள். அதன் தடத்தில் ஒரு பள்ளமும், பள்ளத்தின் இருபுறமும் இரண்டு உலோகப் பட்டைகளும் இருக்கும். ஒன்று மின்னோட்டம் வரும் வழி, மற்றொன்று திரும்பும் வழி.

இந்தக் காருக்குச் சில விநாடிகள் மட்டும் கூடுதல் வேகம் கொடுப்பது எப்படி என்பதே இச்செயல்பாடு. 9ஆம் வகுப்பின் ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’, 10ஆம் வகுப்பின் ‘மின்னோட்டவியல்’ ஆகிய பாடங்களுக்கு இது பொருந்தும்.

தேவையான பொருள்கள்

1.5 வோல்ட் மின்கலன்கள் மூன்று, சிறிய பொம்மை மோட்டார் பொருத்திய கார், இழையுள்ள டார்ச் பல்பு (2.5 வோல்ட்), காலிங்பெல் சுவிட்ச், அட்டை, அலுமினியத் தாள், மெல்லிய பல இழை ஒயர்.

வீட்டு மின் இணைப்பையோ, பிளக்கில் செருகும் ரேஸ் கார் செட்டையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

செய்முறை

1. இரண்டு அட்டைகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு நீள்வட்டத் தடம் அமையுங்கள். இடைவெளியின் இருபுறமும் அலுமினியப் பட்டைகளை ஒட்டுங்கள். அவை ஒன்றையொன்று தொடக் கூடாது.

2. காரின் முன்பகுதியில் ஒரு குச்சியைப் பள்ளத்தில் இறங்குமாறு பொருத்துங்கள். மோட்டாரின் இரு ஒயர் முனைகளையும் துடைப்பம்போல் விரித்து, ஆளுக்கொரு பட்டையைத் தொடும்படி வையுங்கள்.

3. மின்கலன்களிலிருந்து தடத்திற்குச் செல்லும் ஒயரில் பல்பைத் தொடரிணைப்பில் இணையுங்கள். காலிங்பெல் சுவிட்சைப் பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணையுங்கள்.

தடம் செய்ய நேரமில்லையெனில், சக்கரம் மாட்டிய மோட்டாரை மேசைமேல் வைத்தும் செய்யலாம்.

அழுத்தும் முன் எழுதட்டும்

கார் ஓடும்போது சுவிட்சை அழுத்தினால் காருக்கு என்ன ஆகும், பல்புக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் தம் கணிப்பைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பாடத்தின் உயிர் இந்த இரண்டு நிமிடங்களில்தான் இருக்கிறது. கார் வேகமெடுத்தால் பல்பும் பிரகாசமாகும் என்று சிலர் எழுதுவார்கள். திருத்தாதீர்கள், அழுத்தச் சொல்லுங்கள்.

கார் வேகமெடுக்கும், பல்பு அணையும். சுவிட்சின் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் பல்பை விட்டு அதன் வழியே செல்கிறது. பல்பு எடுத்துக்கொண்டிருந்த மின்னழுத்தமும் மோட்டாருக்கே கிடைக்கிறது. வேகம் புதிதாக முளைக்கவில்லை. மின்சுற்றில் இருந்த மின்னழுத்தத்தின் பங்கீடுதான் மாறியது.

அடுத்து, சுவிட்சை அழுத்தாமல் சக்கரத்தை ஒரு விநாடி மட்டும் விரலால் நிறுத்திப் பாருங்கள். பல்பு கூடுதலாக ஒளிரும். சுழலும் மோட்டார் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. நின்றதும் அது மறைகிறது. ஆகவே ஓடும் மோட்டாரை வெறும் மின்தடையாகக் கருதி ஓம் விதியில் கணக்கிட்டால் விடை தவறும். நின்ற நிலையில் சுவிட்சை அழுத்தினால் மோட்டார் விரைவில் சூடாகும். அதை அனுமதிக்க வேண்டாம்.

எங்கே அழுத்துவது?

ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி மட்டுமே அழுத்தலாம் என்று விதி வையுங்கள். வளைவில் அழுத்தும் குழுவின் கார் தடத்தை விட்டுப் பாயும். வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் மையநோக்கு விசை நான்கு மடங்காகிறது. நேர்ப்பகுதியில் அழுத்துவதே சிறந்தது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

2023 பிப்ரவரி 11 அன்று ஐதராபாத்தில் நடந்த ஃபார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயத்திலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. வழக்கமான 300 கிலோவாட் திறன் குறிப்பிட்ட நேரத்திற்கு 350 கிலோவாட்டாக உயரும். அதைப் பெற, ஓட்டுநர் தம் சிறந்த பாதையை விட்டு விலகி, குறித்த இடத்தைக் கடந்து வர வேண்டும். எப்போது பயன்படுத்துவது என்பது அங்கும் திட்டமிட வேண்டிய ஒன்று.

தொடக்க வகுப்புகளுக்கு

4, 5ஆம் வகுப்பு மாணவர்கள் ஒயர் இணைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் காரை ஓட்ட, சுவிட்சை அழுத்தியும் அழுத்தாமலும் ஐந்து சுற்றுகளுக்கான நேரத்தை அளந்து, வேறுபாட்டைக் கழித்தல் கணக்காக எழுதட்டும்.

மதிப்பீடு

ஒரு பல்புக்குப் பதில் இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வைத்து, சுவிட்சை ஒன்றுக்கு மட்டும் குறுக்கே இணைத்தால் என்ன நடக்கும்? முதலில் எழுதட்டும், பிறகு செய்து பார்க்கட்டும். இரண்டும் பொருந்தாத குறிப்பேட்டில் சிவப்புக் கோடு வேண்டாம். “ஏன் மாறியது?” என்ற கேள்வியை மட்டும் எழுதிக் கொடுங்கள்.