விண்வெளி வீரரின் உரையும் மக்களின் அறிவும்

1984 ஏப்ரல் 3ஆம் நாள், இந்திய விமானப்படை விமானி ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 கலத்தில் விண்ணேகினார். சல்யூட்-7 நிலையத்திலிருந்து பிரதமர் இந்திரா காந்தியுடன் அவர் உரையாடியதை மக்கள் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்தனர்.

இந்திய நிலப்பரப்பைப் படமெடுத்ததும், எடையற்ற நிலையில் யோகப் பயிற்சியின் பயனை ஆராய்ந்ததும் அப்பயணத்தின் முக்கியப் பணிகளாகும். காடு, நீர்வளம், கனிமவளம் ஆகியவற்றைக் கணிக்க இத்தகைய படங்கள் உதவுகின்றன. வறுமையை எதிர்த்துப் போராடும் நாடு விண்வெளிக்கு ஏன் செலவிட வேண்டும் என்ற வினாவுக்கு, வியப்பன்று, இவ்விளக்கமே விடையாகும்.

2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா மாணவர்களின் வினாக்களுக்கு விடையளித்தார். 1984இல் நாட்டுத் தலைமை வினவியது. 2025இல் மாணவரும் வினவினர். பொதுப்பணத்தின் பயனைப் பொதுமக்களே கேட்டறிவது மக்களாட்சிக்கு வலுவூட்டும்.