ஆபரேஷனுக்கு முன் மறைக்காமல் சொல்லுவோம்



சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை என்று நம்மில் பலர் ஆபரேஷனுக்குப் போனவர்கள்தான். கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ கிளம்பும்போது பணத்துக்கும் துணை ஆளுக்கும் ஏற்பாடு செய்கிறோம். டாக்டரிடம் என்ன சொல்லணும், என்ன கேட்கணும்னு யோசிப்பதில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. அந்த வார முகாம்களுக்குப் போன 13 பெண்கள் இறந்தார்கள். இப்படிப்பட்ட முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்தும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், அறையை விட்டு வரும் முன் என மூன்று முறை பெயர், ஆபரேஷன், அலர்ஜி, பஞ்சு எண்ணிக்கை எல்லாம் சரிபார்க்க வேண்டும். டெல்லி உள்பட 8 நகரங்களில் இதைச் செய்து பார்த்தபோது, 1000 பேரில் 15 ஆக இருந்த இறப்பு 8 ஆகக் குறைந்தது. ஆகவே நர்ஸ் திரும்பத் திரும்பப் பேர் கேட்டால் சலிச்சுக்காதீங்க.

நம் பங்கு:

1. வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாய் டீ குடிச்சிருந்தாலும் சொல்லிடுங்க. ஆபரேஷன் தள்ளிப்போனா போகட்டும்.

2. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, சாப்பிடும் மாத்திரை, ஆடும் பல், முன்பு மயக்க மருந்தால் வந்த தொந்தரவு எல்லாம் சொல்லணும்.

3. நெயில் பாலிஷை அழிச்சிடுங்க. விரலில் மாட்டும் கிளிப்தான் ஆக்சிஜன் அளவைக் காட்டும்.

4. புரிந்த பிறகே கையெழுத்து.

அடுத்த குழு கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுவோம்.