ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்?

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். துணிக்கு எதற்கு உப்பு? நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின்தன்மை பெறுகிறது. சாய மூலக்கூறும் அப்படியே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? உப்பின் சோடியம் அயனிகள் இடையில் புகுந்து அந்த விலக்கு விசையைக் குறைக்கின்றன. சாயம் இழையை நெருங்குகிறது. அடர்ந்த நிறத்திற்கு லிட்டருக்கு 60 கிராம் உப்புகூடத் தேவைப்படும். கடல் நீரிலேயே சுமார் 35 கிராம்தான்!

வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. அது நொய்யலில் கலந்தது, 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கிணறுகளையும் உவர்ப்பாக்கியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

நம் உடலுக்குள் போகும் உப்பு என்ன ஆகிறது? மிகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றும். ஆனால் நாள்தோறும் அளவு மீறினால், சோடியத்தோடு நீரும் உடலில் தங்கும். இரத்தத்தின் கன அளவு கூடும். மூடிய குழாயில் நீர் மிகுந்தால் சுவரின் மீது அழுத்தம் கூடுவதுபோல, இரத்த அழுத்தமும் உயரும். இதனால்தான் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சென்னையில் பெரியவர்களிடையே நடத்தி 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராம்!

உங்கள் வீட்டில் எவ்வளவு? ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன் மீது தேதியை எழுதுங்கள். நான்கு பேருக்கு ஒரு கிலோ 50 நாள் வந்தால் ஆளுக்கு 5 கிராம். 25 நாளில் தீர்ந்தால் 10 கிராம். வடித்த கஞ்சியோடு போனதைக் கழிக்க வேண்டும். கடையில் வாங்கும் ஊறுகாய், மிக்சரைக் கூட்ட வேண்டும். துல்லியமான கணக்கன்று; ஆனாலும் பயனுள்ளது. மேலைநாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலையில் செய்த உணவிலிருந்து வருகிறது, நம்மிடம் சமையலறையிலிருந்தே. குழம்பில் கை தாராளமாகப் போவதுதான் முதற்காரணம் என்பேன். (அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்!)

கரிக்காத சோடியமும் உண்டு. டீயோடு தின்னும் பிஸ்கட்டிலும் அப்பளத்திலும் சோடா உப்பு வடிவில் அது ஒளிந்திருக்கிறது. பிஸ்கட் உறையில் சோடியத்தின் அளவு அச்சிட்டிருந்தால் அதை 2.5ஆல் பெருக்குங்கள், 400 மில்லிகிராம் சோடியம் என்பது ஒரு கிராம் உப்புக்குச் சமம்.

இனி, குடிநீர். வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரைடு வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அது முழுவதும் சாப்பாட்டு உப்பாக இருந்தால், அணு எடைப்படி 1.65 கிராம். கால்சியம், மக்னீசியம் குளோரைடுகளும் கலந்திருக்குமாதலால் உண்மையில் சற்றுக் குறையும். ஆயினும் வெயிலில் வேலை செய்து மூன்று லிட்டர் குடிப்பவருக்கு, ஒரு வாய் சோறு உண்ணுமுன்பே, ஏறக்குறைய 5 கிராம் வரை உள்ளே போயிருக்கக்கூடும்.