பைபாஸை விட்டு இறங்குங்கள்

புளியங்குடி

அன்புள்ள வாசகருக்கு,

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை பிள்ளைகளோடு காரில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே போதும், 3,700 கி.மீ.க்கு மேல். நானும் அப்படிப் போனவன்தான்; புளியங்குடியிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருமங்கலம் போய் அதில் ஏறினேன்.

ஆனால் ஒன்று. எங்கள் ஊரில் கொல்லம் – திருமங்கலம் சாலை கடைவீதிக்குள்ளேயே வருகிறது. பஸ்ஸில் தூங்கி விழித்தவர்கூட எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டியைப் பார்த்து இது என்ன ஊர் என்று சொல்லிவிடுவார். நாற்கரச் சாலையில் அதெல்லாம் கிடையாது. சேலம், கர்னூல், நிர்மல் எல்லாம் பச்சைப் பலகையில் வந்து போய்விடும். இறங்கினால்தான் ஊர்.

நான் இறங்கிய இடங்களில் மறக்கவே முடியாதது நாக்பூர். ஆதிலாபாத்தைத் தாண்டும்போதே பருத்திக்காடு கண்ணில் பட்டது, கோவில்பட்டிக் கரிசலேதான். நாக்பூரிலிருந்து மேற்கே காட்டோல் பக்கம் ஆரஞ்சுத் தோட்டங்கள். எலுமிச்சை ஊர்க்காரன் என்று தெரிந்ததும் தோட்டக்காரர் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப்போய்விட்டார். அடிமரத்தில் ஓரிடத்தில் பட்டை தடித்திருந்தது, மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். கீழ்ப்பகுதியைத் தொட்டுக் காட்டி "ஜம்பேரி" என்றார். ஜம்பேரி என்னும் எலுமிச்சை இனத்து நாற்றில் ஆரஞ்சு மொட்டை ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். கனி ஆரஞ்சு, வேர் எலுமிச்சை! தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டுப் பிறகு பாய்ச்சினால்தான் ஒரே சீராகப் பூக்கும் என்பதைப் பாதி இந்தியிலும் பாதி கைஜாடையிலும் சொன்னார். விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று அவர் சொன்னதற்கு மொழியே தேவைப்படவில்லை. எங்கள் சம்சாரிகள் சொல்வதும் அதைத்தான்.

வடக்கே சிவனி போகும் வழியில், பென்ச் காட்டில், புலியும் மானும் அடியில் கடந்து போகச் சாலையைத் தூண்களில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். மத்தியப் பிரதேச தாபா ஒன்றில் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி நின்றிருந்தது. "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த 100 கி.மீ.க்கு எங்கே சோறு கிடைக்கும் என்று அந்த வண்டித் தம்பிகள் சொல்லியனுப்பினார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள், அவர்கள் பேச்சை நம்பலாம்.

ஜம்முவுக்கு மேலே செனானி – நாஷ்ரி சுரங்கம் 2017-லும், பனிஹால் – காசிகுண்ட் சுரங்கம் 2021-லும் திறந்த பிறகு பாதை எளிதாகிவிட்டது. இடையில் ராம்பன் பகுதியில் மழைக்கு மலை சரியும். அதற்கென்று இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஓட்டவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு 400 கி.மீ. போதும். மாநிலத்துக்கு ஓர் ஊரிலாவது பைபாஸை விட்டு இறங்கி, சந்தைக்குப் போய், அந்த மண்ணில் என்ன விளைகிறது, என்ன விலை போகிறது என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். போய்வந்து அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்