நோயுற்ற மரம்

வீட்டின் அருகே நிற்கும் மரம் அக்குடும்பத்தாருள் ஒருவரைப் போன்றது. வேனிற்காலத்தில் நிழல் தருவதும், பூவும் காயும் கனியும் உதவுவதும், பறவைகளுக்கு உறைவிடமாய் விளங்குவதும் அதுவே. பாட்டன் வைத்த மரத்தில் பேரன் ஊஞ்சல் கட்டி ஆடுகின்றான். பண்டைத் தமிழ் மன்னர் தம் குடிக்குரிய காவல் மரத்தைக் கண்போற் காத்தனர். இத்தகைய மரபில் வந்தோர், நோயுற்ற மரத்தின்மீது கோடரியை வைக்கத் தயங்குதல் இயல்பே.

ஆயினும், நோயுற்ற மரம் வீட்டின்மேற் சாயுமாயின், அதனால் வரும் கேடு சிறிதன்று. கூரையின் கீழ் உறங்குவோர் உயிருக்கே அது ஊறு விளைக்கும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. ஆதலின், மரத்தைக் காப்பதா, களைவதா என்னும் வினாவிற்கு அன்பு ஒன்றினால் மட்டும் விடை காணலாகாது; அச்சம் ஒன்றினால் மட்டும் காணலுமாகாது. ஆராய்ந்தே காணுதல் வேண்டும்.

முதற்கண் அறிய வேண்டுவது, நோய் இன்னது என்பது. இலை கருகிய மரமெல்லாம் இறந்த மரமன்று. இதற்கு வேம்பே சான்று. 2021ஆம் ஆண்டில் தெலங்கானாவில் வேப்பமரங்கள் பெருவாரியாகக் கருகின; தமிழகத்திலும் அண்மை ஆண்டுகளில் இந்நோய் காணப்பட்டது. ஒருவகைப் பூஞ்சை நுனிக்கொம்புகளைத் தாக்கும். கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் அதனுடன் சேரும். அப்பொழுது மரம் தீயிற் கருகியதுபோலத் தோன்றும். பட்டுப்போயிற்று என்றே காண்போர் கருதுவர். ஆனால், வேனில் பிறந்ததும் அத்தகைய மரங்கள் பல மீண்டும் தளிர்க்கின்றன. கொம்பின் பட்டையை நகத்தாற் சிறிது கீறிப் பார்த்தல் வேண்டும். உள்ளே பசுமையும் ஈரமும் இருப்பின், உயிர் இருக்கின்றது என்பது தெளிவு. அம்மரத்தை வெட்டுதல் பெரும்பிழை.

தென்னையின் செய்தி வேறு. 1952ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டமையால் தஞ்சாவூர் வாடல் நோய் எனப் பெயர் பெற்ற நோய் ஒன்று உண்டு. மண்ணில் வாழும் பூஞ்சை வேர் வழியே புகுந்து அடித்தண்டை அழுகச் செய்யும். தண்டின் அடியில் செம்பழுப்பு நிறச் சாறு கசியும்; அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும்; குரும்பைகள் உதிரும்; முடிவில் அடிமரத்தில் காளான் தோன்றும். வேம்பும் மாவும் தம் புண்ணைப் புதுத் திசு வளர்த்து மூடிக்கொள்ளும்; தென்னைக்கு அவ்வாற்றல் இல்லை. நோய் முற்றிய தென்னையை இரக்கத்தால் விட்டுவைத்தால், அதன் வேரிலிருந்து பூஞ்சை அடுத்த மரத்திற்குப் பரவும். ஒன்றிற்குக் காட்டும் இரக்கம் பலவற்றிற்குக் கொடுமையாய் முடியுமன்றோ? ஆகவே, அதனைத் தூரோடும் வேரோடும் தோண்டி அகற்றுதல் வேண்டும். அண்டையிலுள்ள மரங்களுக்கு ஆண்டுதோறும் மரத்திற்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், நோய் கண்ட மரத்தின் பாத்தி நீர் பிற மரங்களுக்குப் பாயாமற் காப்பதும் நன்று.

எனினும், சாறு கசிந்த தென்னை யாவும் இந்நோய் உற்றன அல்ல. சாறு வடிதல் என்னும் வேறொரு நோயிலும் தண்டிலிருந்து செந்நிறச் சாறு ஒழுகும். தொடக்கத்திலேயே கெட்ட பகுதியைச் செதுக்கி நீக்கிப் போர்டோப் பசை பூசின், மரம் பிழைத்தல் கூடும். ஓர் அறிகுறியே இரு நோய்க்கும் உரியதாதலின், வேளாண் அலுவலரைக் கேட்டுத் தெளிதல் அறிவுடைமையாகும்.

அடுத்து ஆராய்தற்குரியது மரத்தின் வலிமை. நடுக்கட்டை அழுகிப் பொந்து விழுந்த புளியமரமும் பசுமையாய்த் தழைத்து நிற்பதைக் காணலாம். நீரும் உணவும் செல்லும் பகுதிகள் பட்டையை ஒட்டியே அமைந்திருத்தல் அதற்குக் காரணம். ஆகவே, பசுமை உயிருக்குச் சான்றாகுமேயன்றி, உறுதிக்குச் சான்றாகாது. மூங்கில் உள்ளே வெறுமையாயினும் உறுதியாய் நிற்றல் போல, பொந்துள்ள மரமும் சுற்றுக்கட்டை தடித்திருப்பின் நிற்கும். மரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கேனும் உறுதியான கட்டை சூழ்ந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் கையாளும் பொது அளவு. கொட்டாப்புளியால் தட்டினால் எழும் ஓசையும் உள்ளிருக்கும் வெறுமையை ஓரளவு காட்டிக்கொடுக்கும். பொந்திற் சிமெண்டு அடைப்பதால் மரம் வலிமை பெறாது. உள்ளே நீர் தங்கி அழுகல் மிகுதலும் உண்டு. மரம் புதிதாகச் சாய்ந்திருத்தல், அடியில் மண் வெடித்திருத்தல், குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் பெருவேர் அறுபட்டிருத்தல் ஆகியவை பேரிடரின் முன்னறிகுறிகளாம்.

மூன்றாவதாக, மரம் வீழின் எதன்மேல் வீழும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். பாழ்நிலத்தில் நிற்கும் பொந்து மரம் கிளிக்கும் ஆந்தைக்கும் வீடாகும். அதனை அழித்தல் வேண்டா. அதே மரம் தொட்டிலின்மேல் கவிந்து நிற்குமாயின், அதனை அவ்வாறே விடுதல் தகாது. ஆனால், வெட்டுவது ஒன்றே வழி என்பதும் இல்லை. பட்ட கிளையை மட்டும் கழித்தல், தலைப்பாரத்தை அளவாகக் குறைத்தல், தாழ்ந்த கொம்பிற்கு முட்டுக் கொடுத்தல் முதலிய வழிகள் உள்ளன. இவை பயன்படாத இடத்தே, உரியவர் இசைவு பெற்று, தொழில் தேர்ந்தவரைக் கொண்டு மரத்தைக் களைதல் முறையாகும்.

களைந்ததோடு கடமை முடிந்துவிடாது. சுவரினின்று தக்க தொலைவில் புதிய கன்று ஒன்றை நட்டு நீர் வார்த்தல் வேண்டும். ஆராயாது வெட்டுவோன் பேரன் ஆடவிருக்கும் ஊஞ்சலை அறுக்கின்றான். ஆராயாது விடுவோன் அப்பேரனையே இடரில் வைக்கின்றான். ஆராய்ந்து செய்வோனே மரத்திற்கும் மனைக்கும் ஒருங்கே உறுதுணை ஆகின்றான்.

பயிற்சி வினாக்கள்

1. கருகிய வேம்பையும் வாடல் நோயுற்ற தென்னையையும் வெவ்வேறாக நடத்த வேண்டுவது ஏன்?
2. "பசுமை உறுதிக்குச் சான்றாகாது" - விளக்குக.
3. உங்கள் தெருவில் உள்ள முதிர்ந்த மரம் ஒன்றை உற்றுநோக்கி, அதன் நிலையைப் பத்து வரிகளில் எழுதுக.