பாஸ்வேர்டும் நம் கையெழுத்துதான்



ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் நமக்குப் பழகிப்போன விஷயம். இப்போது பல இடங்களில் குழுக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறுகிறது. நபார்டு வங்கி 2015இல் இ-சக்தி திட்டத்தைத் தொடங்கியதே குழுக் கணக்குகளைக் கணினிமயமாக்கத்தான். கூட்டமைப்பு அலுவலகங்களில் டேலி மாதிரி மென்பொருளும் வந்துவிட்டது.

நோட்டில் எழுதினால் எழுத்தைப் பார்த்தே "இது பொருளாளர் எழுதினது" என்று சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரே எழுத்து. யாருடைய பெயரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே நுழைந்தார்களோ, அவர் எழுதியதாகத்தான் கணக்கு சொல்லும். ரூ.5,000 கடன் திரும்ப வந்ததை ரூ.500 என்று வேறு யாரோ பதிந்தாலும், உங்கள் பெயரில் பதிந்திருந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால்தான் இந்த இதழில் பாஸ்வேர்டைப் பற்றி ஒரு பாடம்.

தட்டும்போது

குரும்பகரத்தில் கணக்குப் பயிற்சி நடந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, நான் என்ன அடிச்சாலும் புள்ளி புள்ளியாத்தானே வருது, சரியா அடிச்சேனான்னு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி.

பக்கத்தில் நிற்பவர் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி வருகிறது. ஆனால் புள்ளி நம் கண்ணையும் மறைக்கிறது. சில மென்பொருளில் கட்டத்தின் ஓரத்தில் கண் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் எழுத்து தெரியும். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். கண் படம் இல்லாவிட்டால், கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்வதற்காக என்.எச்.எம். ரைட்டரையோ இ-கலப்பையையோ போட்டு வைத்திருப்போம். அதை நிறுத்தாமல் பாஸ்வேர்டு அடித்தால் வேறு எழுத்து விழும், புள்ளிக்குப் பின்னால் அது தெரியாது. பத்துத் தடவை அடித்துவிட்டு "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று சொல்வதில் பாதி இந்தக் கதைதான்.

சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக நோட்பேடிலோ வேர்டிலோ அடித்து, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது வேண்டாம். நகலெடுத்தது கம்ப்யூட்டரின் நினைவில் தங்கும். புதிய விண்டோஸில் நகலெடுத்தவற்றின் பட்டியலையே சேர்த்து வைக்கும் வசதி உண்டு. அது போடப்பட்டிருந்தால், அடுத்து உட்காருபவர் இரண்டு பொத்தான் அழுத்தி எடுத்துவிடலாம். அவசரத்தில் பெயர் கட்டத்திலேயே பாஸ்வேர்டை அடித்துவிடுவதும் நடக்கும். அங்கே புள்ளி வராது, எழுத்து அப்படியே தெரியும், சில மென்பொருள் அதைப் பதிவும் செய்துகொள்ளும். அப்படி நடந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். "பாஸ்வேர்டை நினைவில் வைக்கட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால், பல பேர் உட்காரும் இடத்தில் "வேண்டாம்" என்றே சொல்லுங்கள்.

உள்ளே போன பிறகு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். மென்பொருள் வாங்கும்போது கூட்டமைப்புக்கு இது உதவும்.

1961 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்த வழி செய்தார்கள். ஆளுக்கு இத்தனை நேரம் என்று அளவு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. எல்லா பாஸ்வேர்டும் ஒரு கோப்பில் அப்படியே எழுதியிருந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற மாணவர், தனக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்று அந்தக் கோப்பை அச்செடுத்துக்கொண்டார். 1966இல் வேறொரு குளறுபடியில், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டியலே திரையில் வந்து நின்றது. பூட்டு நல்ல பூட்டுதான், சாவிக்கொத்தை வாசலில் மாட்டி வைத்ததுதான் கோளாறு.

இதற்கான வழியை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் 1979இல் விளக்கி எழுதினார்கள். அரிசியை அரைத்து மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியுமா? அதே மாதிரி, மென்பொருள் பாஸ்வேர்டை அரைத்து மாவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு நீங்கள் வந்து அடிக்கும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் மாவும் ஒன்றாகி, ஒருவருடையதைத் தெரிந்தவர் மற்றவருடையதையும் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? அதற்காக ஒவ்வொருவர் மாவிலும் வேறு வேறு உப்பு ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கம்ப்யூட்டர்காரர்களும் அதை உப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. கோடிக்கணக்கான பேரின் பாஸ்வேர்டுகள் தங்கள் உள் கணினிகளில் படிக்கிற மாதிரியே சேமிக்கப்பட்டிருந்ததாக ஃபேஸ்புக் 2019 மார்ச்சில் ஒப்புக்கொண்டது.

ஆகவே, கணக்கு மென்பொருள் விற்க வருபவரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்: "பாஸ்வேர்டு மறந்துபோனா பழசை எடுத்துத் தருவீங்களா தம்பி?" "ஓ, தருவோமே" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னால், உங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அவரால் படிக்க முடியும் என்று அர்த்தம். "பழசு எங்களுக்கே தெரியாதுக்கா, புதுசு போட்டுத் தருவோம்" என்பதுதான் சரியான பதில்.

ஒரு பாஸ்வேர்டு, நாலு பேர்

நம் பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில் இருக்கும். நம்பிக்கை இல்லாமலா அப்படி வைத்தோம்? பின்னால் யார் மீதும் பழி வரக்கூடாது என்றுதானே! கம்ப்யூட்டர் என்று வந்ததும் அந்த வழக்கத்தை விட்டுவிடுகிறோம். கணக்காளர், செயலாளர், தலைவி எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கணக்காளர் பெண் கல்யாணமாகி வெளியூர் போனபிறகும் அதே பாஸ்வேர்டு.

டேலியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் வைக்கலாம். யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்றும் பிரித்துக் கொடுக்கலாம். யார் எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் எடிட் லாக் என்ற பதிவும் இப்போது இருக்கிறது. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் இந்தப் பதிவால் ஒரு பயனும் இல்லை.

இண்டர்நெட்டில் வங்கிக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணையோ பாஸ்வேர்டையோ பிறரிடம் கொடுத்ததால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு நட்டமும் வாடிக்கையாளருடையது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில் சொன்னது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. "யார்கிட்டயும் சொல்ல வெட்கமா இருக்கு" என்று ஒரு நாள் சும்மா இருந்தால், அந்த ஒரு நாள் நட்டமும் நம் தலையில்தான். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். இன்னொருவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மறந்துபோனால்

ஊர் பேரும் 123-ம் சேர்த்து வைப்பதை விட்டுவிடுங்கள், ஊரில் பாதிப்பேர் அதைத்தான் முதலில் அடித்துப் பார்ப்பார்கள். சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்: வேப்பமரம், உரல், சிவப்புக்கொண்டை என்று உங்களுக்கு மட்டும் தோன்றுகிற வரிசை. ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். நீளம்தான் பலம். (இங்கே அச்சில் வந்ததையே யாரும் வைத்துவிடாதீர்கள்!)

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். டேலியில் டேலிவால்ட் என்ற பாஸ்வேர்டு தனி ரகம். அது கணக்கையே பூட்டிவிடும். மறந்தால் டேலி கம்பெனியாலும் திறந்து தர முடியாது. அந்த ஒன்றை மட்டும் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டு, பணப்பெட்டியில் வையுங்கள். உறையைப் பிரித்தால் தேதியும் காரணமும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேச: நம் கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் இன்று எத்தனை பெயர்கள் இருக்கின்றன? அவற்றில் வேலையை விட்டுப் போனவர்கள் யார் யார்? அந்தப் பெயர்களை நீக்கும் பொறுப்பு யாருக்கு, எந்தத் தேதிக்குள்?